பாதிக் கத்தி

போன வாரம் நம் பள்ளிக்கூடக் குரூப்பில் ஒருத்தி ஒரு வீடியோ போட்டிருந்தாள். எந்த நாடென்று தெரியவில்லை. தாடி வைத்த ஓர் ஆள் பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டை ஒன்றைக் குப்பையிலிருந்து எடுக்கிறார், காய்ச்சுகிறார், அடிக்கிறார், தேய்க்கிறார். எட்டு நிமிடத்தில் கண்ணாடி மாதிரி ஒரு சமையல் கத்தி. கடைசியில் ஒரு தக்காளியைக் காகிதம் போலச் சீவிக் காட்டுகிறார். பத்துப் பதினைந்து பேர் கைதட்டும் பொம்மை போட்டீர்கள். ஒருவன், "நம்ம பஸ் ஸ்டாப்புல ஒரு இரும்பு மாத்தி இருந்தாரே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டிருந்தான். அதற்கும் சிரிப்புப் பொம்மைகள்.

நான் எதுவும் போடவில்லை. ஷிப்டு முடிந்து வந்து, குளிக்கக்கூட எழுந்திருக்காமல், அதே வீடியோவை நாலு தடவை பார்த்தேன். முப்பத்தைந்து வயதுக்கு இந்த அலுப்பு கொஞ்சம் அதிகம்தான். உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். திருப்பூரிலும் சென்னையிலும் இருந்துகொண்டு ராத்திரி பதினோரு மணிக்குக் கைதட்டும் பொம்மை போடுகிறவர்கள்தானே நாம். ஆனாலும் இதை எழுதிவிட வேண்டும். ஆரம்பித்த எதையும் நான் முடிப்பதில்லை என்று உங்களுக்குத் தெரியும். ஸ்கூலிலேயே அப்படித்தான். இதையாவது முடிக்கிறேன்.

அவர் இரும்பை மாற்றவில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

நாம் ஆறாம் வகுப்பு படித்த வருடம். அந்த வருடம் ஜூன் மாதம் நம் வகுப்பில் புதிதாக ஒருத்தி சேர்ந்தாளே, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். அவளுடைய பச்சைப் பாவாடை முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டைகளாக இருக்கும். பொறி பட்டு ஆனவை. வெயிலில் அவள் நடந்தால் அந்த ஓட்டைகள் வழியாக அவள் நிழலிலும் புள்ளி விழும் என்று நான் சொல்ல, அவள் குனிந்து குனிந்து பார்த்துவிட்டு, "பொய் சொல்றா டீச்சர்" என்று என்னை மாட்டிவிட்டாள். அவளுடைய அப்பாதான் பட்டறைக்காரர். பஸ் ஸ்டாப்பை ஒட்டி மூடிக் கிடந்த பால் சொசைட்டிக் கட்டடத்தின் நிழலில் அவர்கள் பட்டறை போட்டிருந்தார்கள்.

பட்டறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தரையில் ஒரு குழி, அதில் கரி. காற்றுக்கு ஒரு பழைய சைக்கிள் சக்கரம். அதைக் கையால் சுற்றினால் பெல்ட் வழியாகச் சின்ன விசிறி ஒன்று சுற்றிக் குழாயில் காற்றை ஊதும். அடிக்கிற கல்லுக்குப் பதிலாக ஒரு முழ நீளத் தண்டவாளத் துண்டு, அரைப் பங்கு மண்ணுக்குள் புதைந்திருந்தது. பட்டறைக்காரர் குறட்டில் இரும்பைப் பிடித்துக்கொள்ள, அவர் மனைவிதான் சம்மட்டி அடிப்பார். நாம் அவரைப் பட்டறை அக்கா என்போம். சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர் அடிக்கும்போது பஸ்ஸுக்கு நிற்கிற ஆம்பளைகள் அத்தனை பேரும் பஸ் வந்ததைக்கூடக் கவனிக்க மாட்டார்கள்.

என் அப்பா கரி மூட்டம் போடுகிறவர் என்று உங்களுக்குத் தெரியும். சீமைக்கருவேலத்தை வெட்டி, அடுக்கி, வைக்கோலும் ஈரமண்ணும் போட்டு மூடி, உள்ளே தீயைப் புழுங்கவிடுகிற வேலை. அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் எந்தக் காலத்திலும் புகை வாசம்தான். திருச்சுழிப் பக்கம் கண்மாய்க்குள் ஒரு தடவை வேர் தோண்டும்போது ஒரு லாரிப் பட்டை அகப்பட்டது. எப்போதோ எந்த லாரியோ குடைசாய்ந்த இடம். துருவேறி, வில் மாதிரி வளைந்து, நடுவில் ஒரு ஓட்டையோடு இருந்தது. அப்பா அதைச் சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். நான் அந்த ஓட்டையில் விரலை விட்டுச் சுழற்ற முயன்றேன். கனம் தாங்காமல் காலில் போட்டுக்கொண்டேன். இதை ஏன் சொல்கிறேன் என்று பின்னால் தெரியும்.

அப்பா எதையும் உள்ள அளவில் சொல்ல மாட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அந்தப் பட்டை என் இடுப்பு உயரம். டீக்கடையில் முதல் நாள் சொன்னபோது நெஞ்சு உயரம். ஆடி பிறப்பதற்குள் அது ஆள் உயரம் ஆகிவிட்டது.

அம்மாவுக்கு ஒரு கத்தி தேவைப்பட்டது. அருப்புக்கோட்டையில் ஒரு சமையல் மாஸ்டரின் செட்டில் காய் வெட்டுகிற ஆளாக அம்மா சேர்ந்து அப்போது மூன்று மாதம். கடை வைத்திருக்கிற பெரிய வீட்டுக் கல்யாணங்களெல்லாம் அவருடைய செட்டுக்குத்தான் வரும். அந்தச் செட்டில் ஒரு வழக்கம்: காய் வெட்டுகிற ஒவ்வொருத்தரும் சொந்தக் கத்தி கொண்டுவர வேண்டும். அடுத்தவர் கத்தியைத் தொடக் கூடாது. அம்மா வீட்டு அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமாளித்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் சொல்லிவிட்டாராம்: "ஆடியில கல்யாணம் கெடையாது. ஆவணி மொத முகூர்த்தத்துக்கு நீ கத்தியோட வா. கத்தி இல்லன்னா வராத."

அது வரைக்கும் அம்மா பருத்தி எடுக்கப் போவாள், மூட்டத்தில் மண் குழைப்பாள், ரோடு போடுகிற வேலைக்குப் போவாள். காய் வெட்டுகிற வேலையில்தான் முதல் தடவையாக உட்கார்ந்து வேலை பார்க்கிறேன் என்று சொல்லிச் சிரித்தாள். அதை விட்டுவிட அவளுக்கு மனமில்லை. ஆகவே பட்டை பட்டறைக்குப் போனது. கூலிக்கு இரண்டு மூட்டைக் கரி. மீதி இரும்பு பட்டறைக்கு. அது பட்டறை வழக்கம். துணி தைத்தால் மீதித் துணியைக் கேட்போமே, இரும்பில் அது கிடையாது.

கத்தி அடித்த நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நானும் என் பெஞ்சுக்காரியும் மாற்றி மாற்றிச் சக்கரம் சுற்றினோம். கரிக்குள் கிடந்த இரும்பு முதலில் கறுப்பாகவே இருந்தது. பிறகு நாவல்பழ நிறம், பிறகு செங்கல், பிறகு நம் பி.டி. சாரின் கண் மாதிரி சிவப்பு, அதற்கப்புறம் பார்க்க முடியாத ஒரு மஞ்சள். அந்த நிறத்துக்கு நான் அன்றைக்கே அடிமையானேன். அதைப் போல எதையும் அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

"ஏத்தா, தள்ளி நில்லு. மூக்குல பொறி விழுந்தா ஓசியில மூக்குத்தி குத்துனாப்பல ஆயிரும்" என்றார் பட்டறை அக்கா.

அம்மா கொஞ்ச நேரம் அவர் சம்மட்டி போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்னக்கா, இரும்பை அடிக்கிறியா, புருசனை நெனச்சுக்கிட்டு அடிக்கிறியா?" என்றாள்.

"இவுகளை இந்த அடி அடிச்சிருந்தா இந்நேரம் நல்ல அருவாளா ஆயிருப்பாகளே!"

பட்டறைக்காரர் சிரிக்காமல், "பேசிக்கிட்டே அடிக்காத. என் விரலு நல்ல இரும்பு இல்ல" என்றார்.

அடித்து முடிந்து, அரம் போட்டுத் தேய்த்து, திரும்பக் காய்ச்சி விளிம்பை மட்டும் தண்ணீரில் தோய்த்தார். 'சுய்ங்' என்று ஒரு சத்தம். அதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். இல்லை. வெறும் அனலில் இன்னொரு முறை லேசாகக் காட்டினார். வெள்ளையாகத் தேய்த்திருந்த விளிம்பில் வைக்கோல் நிறம் ஒன்று மெல்ல ஓடி வந்தது. உடனே எடுத்துவிட்டார்.

"தண்ணியில போட்டதோட விட்டா ரொம்ப வெறைச்சுப் போகும். அந்த வெறைப்பைக் கொஞ்சம் எறக்கணும்" என்றார், யாரிடமும் சொல்லாத மாதிரி. எனக்கு அது காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை. ஓர் அரை வாக்கியம் காதில் விழுந்து ஏறாமல் போனதில் என்னென்ன ஆகும் என்று அப்போது யாருக்குத் தெரியும்.

நாட்டுவேல மரத்தில் பிடி போட்டு, பூண் இறுக்கி, கத்தியை அம்மா கையில் கொடுக்காமல் தரையில் வைத்தார். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் சண்டை வரும் என்பார்களே, அதற்காக. அம்மா குனிந்து எடுத்தாள். ஒன்றரைச் சாண் நீளம். வீட்டுக்கு வந்ததும் ஒரு வெங்காயத்தை வெட்டிப் பார்த்துவிட்டு, "கண்ணுல தண்ணி வர்றதுக்கு முன்னாடி வெங்காயம் முடிஞ்சுபோகுது" என்றாள். யாரும் தொடக் கூடாது என்று சொல்லிப் பழைய துண்டில் சுற்றிப் பரணில் வைத்தாள்.

ஆவணி பிறப்பதற்கு நாலைந்து நாள் இருக்கும். ஒரு சனிக்கிழமை. அப்பாவும் அம்மாவும் மூட்டத்துக்குப் போய்விட்டார்கள். வீட்டில் நானும் தம்பியும். தம்பிக்கு வயிற்றாலே போய்க்கொண்டிருந்தது. காலையிலிருந்து ஆறேழு தடவை. எதிர்வீட்டுப் பெரியம்மா வந்து பார்த்துவிட்டு, "இரும்பைப் பழுக்கக் காய்ச்சி மோருல முக்கி, அந்த மோரைக் குடு. நின்னுரும். எங்க வீட்டுல எல்லாத்துக்கும் அதான்" என்று சொல்லிவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் அதற்கென்று ஒரு பழைய அரிவாள் இருந்தது. அதை அப்பா வேலைக்கு எடுத்துப் போயிருந்தார். பரணைப் பார்த்தேன். தம்பி முனகினான். அவனுக்காகத்தான் எடுத்தேன் என்று சொன்னால் பாதி உண்மை. அந்த நிறத்தை இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்பது மீதிப் பாதி.

கத்தியின் நுனிப் பக்கம் பாதியை அடுப்புக்குள் செருகினேன். அப்பா கொண்டுவந்து கொட்டியிருந்த நல்ல கரியை மேலே அடுக்கினேன். ஊதுகுழலை வைத்து, தலை சுற்றும் வரை ஊதினேன். நாவல்பழம், செங்கல், சிவப்பு. போதும் என்று எடுத்திருக்கலாம். மஞ்சள் வரட்டும் என்று இருந்தேன். வந்தது. அதோடும் விடாமல் அப்படியே வைத்துக்கொண்டு பார்த்தேன். பிறகு மோர்ச் செம்பில் முக்கினேன். மோர் பொங்கி, தீய்ந்த வாசம் அடித்தது. தம்பி குடித்தான். இரண்டு நாளில் அவனுக்கு நின்றது. மோரிலா, நர்ஸ் அக்கா கொடுத்த உப்புப் பொடியிலா, தெரியாது. அவன் இப்போது ஒரு மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறான். கேட்டால் பொடி என்பான்.

கத்தி கறுத்திருந்தது. செங்கல் தூளும் சாம்பலும் போட்டுத் தேங்காய் நாரால் தேய்தேய் என்று தேய்த்துப் பளபளப்பாக்கி, அதே துண்டில், அதே மடிப்பில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டேன்.

முதல் முகூர்த்தம் அருப்புக்கோட்டையில் ஒரு பெரிய வியாபாரி வீட்டுக் கல்யாணம். முதல் நாள் மத்தியானமே காய் வெட்ட ஆரம்பிப்பார்கள். பள்ளிக்கூடம் இல்லாத நாள். அம்மா என்னையும் கூட்டிப் போனாள், கல்யாணச் சாப்பாடு கிடைக்கும் என்று. மண்டபத்தின் பின்கட்டில் தார்ப்பாய் விரித்து எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அம்மா துண்டைப் பிரித்துக் கத்தியை எடுத்ததும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மாஸ்டர் வந்து வாங்கிப் பார்த்தார். "யாரு அடிச்சது? நல்ல வேலையா இருக்கே" என்றார். "செட்டுல மத்தவுகளுக்கும் ஆளுக்கு ஒண்ணு சொல்லணும். முகூர்த்தம் முடியட்டும், அந்த ஆளைக் கூட்டிட்டு வா."

அம்மாவின் முகத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் அப்படிப் பார்த்ததில்லை.

மஞ்சள் பூசணி வந்தது. ஒவ்வொன்றும் என் தம்பி கனம். நாலாவது காயில் கத்தி பாதி இறங்கி மாட்டிக்கொண்டது. எடுப்பதற்காக அம்மா லேசாகத் திருகினாள். 'டக்' என்றது. பென்சில் ஒடிகிற சத்தம்தான். அம்மா கையில் பாதிக் கத்தி இருந்தது.

நுனித் துண்டு பூசணிக்குள்ளேயே இருந்தது. ஆனால் ஒடிந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது நடுவில் ஒரு நகக்கண் அளவு சில்லைக் காணோம். நிலக்கடலைத் தோல் அளவு. தார்ப்பாயை உதறினார்கள். வெட்டிக் குவித்த காய்களுக்குள் எட்டுப் பேரும் கையை விட்டுத் துழாவினார்கள். கிடைக்கவில்லை.

"எலையில விழுந்து ஒரு புள்ளை வாயில போச்சுன்னா நாளைக்கு யாருய்யா பதில் சொல்றது?" என்றார் மாஸ்டர். சத்தம்கூடப் போடவில்லை. "எல்லாத்தையும் கொட்டுங்க."

பூசணி, சௌசௌ, கேரட், நறுக்கி வைத்திருந்த வாழைக்காய், அத்தனையும் போயிற்று. மாட்டுக்கும் போடக் கூடாது என்று மண்டபத்துக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தார்கள். கடைசியாக மாஸ்டர் அம்மாவிடம் கேட்டார்: "இது ஒன் தப்பா, அடிச்சவன் தப்பா? ஒன் தப்புன்னா இப்பவே பஸ் ஏறிரு."

அம்மா கையிலிருந்த பாதிக் கத்தியைப் பார்த்தாள்.

"அடிச்சவுக தப்புதாங்க" என்றாள்.

மறுநாள் கல்யாணம் முடிந்ததும் அருப்புக்கோட்டையிலிருந்து வந்து இறங்கிய இடமே பட்டறைதான். அப்பாவுக்கு அதற்குள் சேதி போயிருந்தது. அவர் எங்களுக்கு முன்னாலேயே அங்கே நின்றார், டீக்கடையிலிருந்து நாலைந்து பேரோடு.

"ஏய்யா, என் பட்டை எங்கய்யா?"

பட்டறைக்காரர் எழுந்தார். "மீதி அந்தா கெடக்குண்ணே. இன்னும் கை வைக்கல."

அப்பா அந்தத் துண்டைத் தூக்கிப் பார்த்தார். முழங்கை நீளம், ஒரு முனையை ஒட்டி ஓட்டை. "இதுவா? ஆளு ஒசரம் இருந்துச்சுய்யா என் பட்டை! அதுல ஒரு கத்தி போனா மீதி இத்துணூண்டா இருக்கும்? என் பட்டையில ஓட்டையே கெடையாது. நல்ல இரும்பை வித்துப்புட்டு, கண்ட தகரத்துல அடிச்சுக் குடுத்திருக்க."

கூட வந்தவர்களுக்கும் ஆள் உயரப் பட்டை நன்றாக ஞாபகம் இருந்தது. தினமும் கேட்டிருக்கிறார்களே.

அந்த ஓட்டையில் விரலை விட்டவள் நான். சொல்லவில்லை.

பட்டறைக்காரர் அப்பாவோடு சண்டை போடவில்லை. அம்மாவிடம் இரண்டு துண்டுகளையும் வாங்கினார். நுனித் துண்டைத் தண்டவாளத்தின் மேல் வைத்து ஒரு தட்டுத் தட்டினார். பிஸ்கட் மாதிரி இரண்டானது. ஒடிந்த வாயைக் காட்டினார்; உள்ளே சீனி மாதிரி மினுமினுவென்று இருந்தது. பிறகு பிடியோடு இருந்த பாதியை வைத்து ஓங்கி அடித்தார். 'ணங்' என்றது, அவ்வளவுதான். ஒன்றும் ஆகவில்லை.

"ஒரே இரும்புதாண்ணே. இந்தப் பாதி ஒடியுது, இந்தப் பாதி நிக்குது. நான் குடுத்த பெறகு யாரோ தீ காட்டியிருக்காக. இது பட்டறைத் தீ இல்ல. வீட்டுத் தீ." அம்மா பக்கம் திரும்பினார். "தங்கச்சி, அடுப்புல கிடுப்புல வச்சீகளா? வச்சிருந்தாச் சொல்லுங்க. தப்பு ஒண்ணுமில்ல. நான் வேற அடிச்சுத் தாரேன்."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சக்கரத்தின் பக்கத்தில் நின்றிருந்தேன். என் பெஞ்சுக்காரி சுற்றுவதை நிறுத்தியிருந்தாள்.

"இல்லண்ணே" என்றாள் அம்மா.

அப்பா உலைக்குழியை ஒரு மிதி மிதித்தார். கரி சிதறியது. பட்டறை அக்கா சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு, "அதுவும் நீங்க போட்ட கரிதாண்ணே, நல்லா மிதிங்க" என்றார். அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனால் எவ்வளவு தெரியும் என்று தெரியவில்லை. மூட்டம் போடுகிற அத்தனை பேரிடமும் அப்பா சொல்லிவிட்டார், பட்டறைக்குக் கரி கொடுக்கக் கூடாது என்று. நரிக்குடி வரைக்கும் திரும்பிய பக்கமெல்லாம் மூட்டம் புகைகிற சீமையில் ஒரு கொல்லனுக்கு ஒரு கூடைக் கரி கிடைக்கவில்லை. தேங்காய்ச் சிரட்டையை எரித்து இரண்டு நாள் பார்த்தார். உலை அந்தச் சூட்டுக்கு வரவில்லை. மாஸ்டர் செட்டுக்கு அடிக்க வேண்டிய கத்திகள் அவருக்கு வரவிருந்தன என்பது அவருக்குக் கடைசி வரை தெரியாது.

வகுப்பில் நாம் அவர் மகளுக்கும் 'இரும்பு மாத்தி' என்று பெயர் வைத்தோம். நான் ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிட்டதில்லை என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கூப்பிட்டவர்களை நிறுத்தியதும் இல்லை. ஒருநாள் சத்துணவு வரிசையில் அவள் என் காதோடு சொன்னாள்:

"யாரோ தீ காட்டியிருக்காகன்னு எங்கப்பாவுக்குத் தெரியும்டி. யாருன்னு தெரிஞ்சாப் போதுமாம். திட்டக்கூட மாட்டாராம்."

"எனக்கென்ன தெரியும்?" என்றேன். அன்றைக்கு முட்டை போட்ட நாள். என் முட்டையை அவள் தட்டில் வைத்தேன். அவள் அதைத் திருப்பி என் தட்டில் வைத்துவிட்டாள்.

காலாண்டுப் பரீட்சைக்கு முன்பே ஒரு லோடு ஆட்டோவில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். எல்லாவற்றுக்கும் மேலே அந்தச் சைக்கிள் சக்கரம் கட்டியிருந்தது. ஆட்டோ வேகம் எடுத்ததும் காற்றில் அது தானாகச் சுற்ற ஆரம்பித்தது. நாம் எல்லாரும் காம்பவுண்டுச் சுவரில் ஏறி நின்று பார்த்தோம். கை காட்டியவர்கள் யாராவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், எனக்கு ஞாபகமில்லை.

அம்மா வேலையில் நீடித்தாள். டவுனில் ஒரு கடைக் கத்தி வாங்கிக்கொண்டாள். வருடக்கணக்காக வெட்டினாள். அந்தக் காய்களில்தான் நான் படித்தேன். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் எடுத்தேன், இரும்பு மேல் இருந்த அந்த ஆசையில். இரண்டாம் வருடம் ஆய்வகத்தில் ஒரு நாள், இரண்டு இரும்புத் துண்டுகளை ஒடித்துக் காட்டினார்கள். ஒன்று சரியாகப் பதப்படுத்தியது. இன்னொன்று அளவுக்கு மேல் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்து, விறைப்பை இறக்காமல் அப்படியே விட்டது. இரண்டாவதின் உள்வாய் சீனி மாதிரி மினுங்கியது. நான் எழுந்து வெளியே வந்து வராந்தாவில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வாரமே ஊருக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். கத்தியை அடுப்பில் வைத்தது நான், தம்பிக்கு மோருக்காக வைத்தேன் என்று. அம்மா பருப்பில் கல் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"மோர்ச் செம்பு அடியில கறுப்புச் செதிலு கெடந்துச்சு. அன்னிக்கு ஏதோ பழைய இரும்பை வச்சிருப்பன்னு நெனச்சேன். மண்டபத்துல ஒடிஞ்சப்பத்தான் வெளங்குச்சு."

"அப்ப ஏம்மா…"

"ஏம்மா நோம்மான்னா?" அம்மா சுளகை ஒரு தட்டுத் தட்டினாள். "அவுகளுக்கு வேற ஊரு இருந்துச்சு. எனக்கு வேற மாஸ்டரு இல்ல."

அதன்பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. பட்டறைக்காரர் குடும்பத்தைத் தேடினேனா என்றால், தேடினேன், என் வழக்கப்படி பாதி. வீரசோழன் பக்கம் ஒரு பட்டறை இருக்கிறது என்றார்கள், போனேன், வேறு ஆட்கள். அருப்புக்கோட்டைப் பழைய இரும்புக் கடைகளில் இரண்டில் கேட்டேன். மூன்றாவதில் கேட்கவில்லை.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அம்மா இப்போது கல்யாண வேலைக்குப் போவதில்லை. இடது கைப் பெருவிரல் மடங்காது. வீட்டில் சமையலுக்கு, அன்றைக்குப் பட்டறையிலிருந்து திரும்ப எடுத்து வந்த அந்தப் பாதிக் கத்தியைத்தான் வைத்திருக்கிறாள். ஒடிந்த வாயை அம்மியில் தேய்த்து மழுக்கிவிட்டாள். பிடியோடு ஒரு சாண் நீளம் கூட இல்லை. இருபது வருடத்துக்கு மேலாக வெட்டுகிறது. இன்னும் வெங்காயத்துக்குத் தெரியாமல் வெங்காயத்தை வெட்டும். பட்டறைத் தீ மட்டும் பட்ட பாதி அது. என் தீ படாத பாதி.

அப்பா சாப்பிட உட்கார்ந்திருந்தார். மூட்டம் போடுவதை விட்டுவிட்டார், கதையை விடவில்லை. அம்மா வெண்டைக்காய் நறுக்குவதைப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"பாத்தியாத்தா? அந்தாளு மாத்திக் குடுத்த மட்டமான இரும்பே இத்தனை வருசம் ஒழைக்குது. என் பட்டையில அடிச்சிருந்தான்னு வையி, எப்படி ஒழைச்சிருக்கும்!"

இந்தக் கதையை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன். ஒவ்வொரு முறையும் சோற்றைப் பிசைந்துகொண்டு கேட்டிருக்கிறேன். அன்றைக்கு என்னவோ முடியவில்லை. கோபம்கூட இல்லை. சுமந்த மூட்டையை யார் வீட்டு வாசலானாலும் இறக்கிவிடலாம் என்று தோன்றுமே, அது.

"அப்பா, அது ஒங்க பட்டைதான். அவுக மாத்தல. நான்தான் கத்தியை அடுப்புல காய்ச்சி மோருல முக்குனேன். தம்பிக்கு வயித்தால போச்சுன்னு. அதான் ஒடிஞ்சிருச்சு."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். உண்மையாகவே சிரித்தார்.

"போத்தா. ஊரு பூராவும் மோருல இரும்பு முக்குறாக. எவன் வீட்டு இரும்பு ஒடிஞ்சுச்சு? படிச்சு என்ன பிரயோசனம்? மோருல முக்குனா இரும்பு ஒடியுமாக்கும்!"

நான் அம்மாவைப் பார்த்தேன். வெண்டைக்காய் நறுக்குகிற கை நின்றிருந்தது. அம்மா கத்தியைத் தரையில் வைத்தாள். என் கையில் தரவில்லை. எனக்கு எட்டும்படி நகர்த்தி, தரையில்தான் வைத்தாள்.

"ஒடியும்" என்றாள்.

அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். பிசைந்த சோறு அப்படியே கையில் இருந்தது. வெண்டைக்காய் பாதி நறுக்கியது, பாதி நறுக்காதது. நான் கத்தியை எடுத்து மீதியை நறுக்கினேன்.